எந்த எம்.பி. என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வீட்டு இணைய வேகத்தைக் கூட்டுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எளிமையாக எழுதியிருந்தார்கள், முதலில் அதற்கு நன்றி. ஆனால் ஒரு கணக்கு தப்பு. நான் கணக்கு டீச்சர், அதுவும் வீட்டிலிருந்தபடியே இணையத்தில் வகுப்பு எடுப்பவள், அதனால் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. ‘100 எம்.பி. திட்டம் எடுத்தால் 100 எம்.பி. கோப்பு ஒரே நொடியில் இறங்கிவிடும்’ என்று போட்டிருக்கிறீர்கள். இறங்காது. எட்டு நொடி ஆகும். நடைமுறையில் எட்டரை, ஒன்பது.

எழுதியவரை மட்டும் குறை சொல்லவும் மாட்டேன். ஆங்கிலத்தில் சின்ன ‘பி’ போட்டால் பிட், பெரிய ‘பி’ போட்டால் பைட். நம் எழுத்தில் சின்னது பெரியது கிடையாது, இரண்டும் ‘எம்.பி.’ என்றே வந்து நிற்கும். பத்தாததற்கு ‘எம்.பி.பி.எஸ். வேகம்’ என்று வேறு எழுதுகிறோம், அது டாக்டர் படிப்பு மாதிரி இருக்கிறது, வெறும் எம்.பி. என்றால் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருப்பவர். ஆகவே என் முதல் வேண்டுகோள், மெகாபிட் என்றோ மெகாபைட் என்றோ முழுசாக எழுதுங்கள். இரண்டு எழுத்து கூடுதலாகப் போகும், அவ்வளவுதான்.

எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். இணைப்பு தரும் நிறுவனங்கள் வேகத்தை நொடிக்கு இத்தனை மெகாபிட் என்று சொல்கின்றன. நம் போனும் கணினியும் கோப்பின் அளவை மெகாபைட்டில் காட்டுகின்றன. ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் ஒரு நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட் வரும். என்னிடம் படிக்கும் பையனின் அப்பா ஒருவர் ‘நூறு என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டுதான் தருகிறார்கள்’ என்று சேவை மையத்தோடு அரை மணி நேரம் சண்டை போட்டிருக்கிறார். அவர் பக்கம் நியாயம் இல்லை, ஆனால் போனை எடுத்த அந்தப் பெண்ணுக்கும் எட்டால் வகுக்க வேண்டும் என்று சொல்லத் தெரியவில்லை, ‘ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்’ என்பதையே நாலு தடவை சொல்லியிருக்கிறார்.

இது சின்னத் தப்பு, திருத்தம் போட்டால் முடிந்தது. எனக்குப் பெரிய மனத்தாங்கல் கட்டுரையின் கடைசி யோசனையில்தான்: ‘அப்படியும் வேகம் போதவில்லை என்றால் உயர்ந்த திட்டத்துக்கு மாறிவிடுங்கள்.’ நானும் அதைத்தான் செய்தேன். போன வருடம் 100 மெகாபிட்டிலிருந்து 300க்கு மாறினேன். மாறிய அன்று வேகத்தை அளந்தால் 94. மறுநாள் 94. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுந்து அளந்தேன், அப்போதும் 94. நிறுவனத்தைக் கூப்பிட்டால் ‘எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது மேடம்’ என்றார்கள். பிறகு பார்த்தால் உண்மையிலேயே அவர்கள் பக்கம் சரியாகத்தான் இருந்தது.

ஒரு தடவை 91, ஒரு தடவை 140, ஒரு தடவை 60 என்று வந்திருந்தால் நானும் விட்டிருப்பேன். எப்போது அளந்தாலும் 94, 94, 94 என்றால் அது நெரிசல் இல்லை, அதற்கு மேல் போகவிடாமல் எங்கோ ஒரு தடை இருக்கிறது என்று அர்த்தம். ஃபைபர் பெட்டியிலிருந்து ரூட்டருக்குப் போகும் சின்ன ஈதர்நெட் கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கதவிடுக்கில் மாட்டி மாட்டி ஓரிடத்தில் தட்டையாக நசுங்கியிருந்தது. அந்தக் கம்பிக்குள் எட்டு மெல்லிய இழைகள், இரண்டிரண்டாக முறுக்கி நாலு ஜோடி. நொடிக்கு 1000 மெகாபிட் போக நாலு ஜோடியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். அந்த இரண்டு ஜோடியில் சேராத ஓர் இழை அறுந்தால் பெரும்பாலான கருவிகள் எந்தப் புகாரும் சொல்லாமல் 100க்கு இறங்கிக்கொள்ளும். தகவல் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும், அந்த 100லும் முகவரி, சரிபார்ப்பு என்று ஒவ்வொரு பொட்டலத்தின் மேலுறைக்கும் கொஞ்சம் போய்விடும், மிச்சம் கைக்கு வருவது 94, 95. புதுக் கம்பி மாட்டினேன், 287 வந்தது. மூன்று மாதம் 300க்குப் பணம் கட்டிவிட்டு 94-ஐ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்! (பல ஸ்மார்ட் டிவிகளின் பின்னால் இருக்கும் ஈதர்நெட் துளையும் 100 மெகாபிட்டுக்கு மேல் போகாது. டிவியில் அளந்துவிட்டு நிறுவனத்தைத் திட்டாதீர்கள்.)

அதனால் யாராவது ‘நெட் ஸ்லோ’ என்று என்னிடம் வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, எந்தப் பாதி ஸ்லோ? வெளியிலிருந்து வீட்டுப் பெட்டி வரைக்கும் ஒரு பாதி. பெட்டியிலிருந்து உங்கள் கை வரைக்கும் இன்னொரு பாதி. முதல் பாதிக்குப் பணம் வாங்குகிறவர்கள் பொறுப்பு, இரண்டாவது பாதி பெரும்பாலும் நம் தலையில். வைஃபையில் அளந்தால் இரண்டும் கலந்து ஒரே எண்ணாக வரும், யார் குற்றவாளி என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு மடிக்கணினியை நல்ல ஈதர்நெட் கம்பியால் ரூட்டரோடு நேராக இணைத்து, வீட்டில் மற்ற கருவிகளின் இணைப்பை நிறுத்தி, விபிஎன் (இணையத்துக்கு வேறொரு சர்வர் வழியாகச் சுற்றிப் போகும் செயலி) இருந்தால் அணைத்து, காலையில் மூன்று தடவை, இரவு ஒன்பது மணிக்கு மூன்று தடவை அளந்து எழுதி வையுங்கள். கம்பியில் முழு வேகம் வந்து வைஃபையில் வராவிட்டால் எத்தனை பெரிய திட்டத்துக்கு மாறினாலும் அதே கதைதான். கம்பியிலேயே வரவில்லை என்றால் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு தாராளமாகச் சண்டை போடலாம்.

எதில் அளக்கிறோம் என்பதும் கவனிக்க வேண்டியது. ஊக்லா நிறுவனத்தின் ஸ்பீட்டெஸ்ட் என்ற வேகச் சோதனை வழக்கமாகப் பக்கத்தில் இருக்கும் ஒரு சர்வரை எடுத்துக்கொண்டு ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து அளக்கிறது. அந்தச் சர்வர் பல சமயம் உங்கள் நிறுவனத்தின் வலைக்குள்ளேயே இருக்கும், அதாவது தெருமுனை வரை ஓடிப்போய்விட்டு வேகமாக ஓடினேன் என்று சொல்வது மாதிரி. 2016இல் நெட்ஃபிளிக்ஸ் தொடங்கிய ஃபாஸ்ட் டாட் காம் அவர்களுடைய சர்வர்களிலிருந்து அளக்கிறது. எம்-லேப் என்ற இணைய ஆய்வு அமைப்பின் சோதனை ஒரே ஓர் இணைப்பை வைத்து அளக்கும், அதனால் அதில் எண் குறைவாக வருவது சகஜம். மூன்றும் மூன்று விடை தந்தால் ஏமாற்று என்று நினைக்க வேண்டாம், கேட்ட கேள்வி வேறு. ஒன்றில் நன்றாக வந்து மற்றதில் படு மோசமாக வந்தால் மட்டும், உங்கள் நிறுவனத்துக்கும் வெளி உலகத்துக்கும் நடுவில் அடைப்பு இருக்கலாம் என்று சந்தேகப்படலாம்.

இரவில் மட்டும் விழுகிறது என்றால் பெரும்பாலும் பங்கீட்டுச் சிக்கல். வீட்டுக்கு ஃபைபர் வந்துவிட்டதால் அது நமக்கே நமக்கு என்று நினைக்கிறோம். உலகம் முழுக்கப் பரவலாக இருக்கும் ஜிபான் முறையில் நிறுவனத்திலிருந்து வரும் ஒரே இழையை 32 வீடு, 64 வீடு என்று பிரிக்கிறார்கள். அந்த இழையில் இறங்குவதற்கு (வெளியிலிருந்து நமக்கு வருவது) நொடிக்குச் சுமார் 2,500 மெகாபிட், ஏறுவதற்கு (நம்மிடமிருந்து வெளியே போவது) சுமார் 1,250, எல்லா வீட்டுக்கும் சேர்த்து. எல்லோரும் ஒரே நேரத்தில் முழுசாக இழுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது, பெரும்பாலும் நடக்கவும் செய்கிறது. விளம்பரத்தில் 300க்குப் பக்கத்தில் குட்டியாக ‘வரை’ என்று ஒரு சொல் இருக்கும் பாருங்கள், இத்தனையும் அந்தச் சொல்லுக்குள் அடக்கம். உங்கள் பத்திரிகையில் வரும் விளம்பரங்களிலும்தான்.

ஃபைபர் இழையை மடக்கக் கூடாது என்பதையும் யாரும் சொல்வதில்லை. மேசையை நகர்த்தும்போது அந்த மஞ்சள் கம்பியைச் சுவரோடு வைத்து அழுத்திவிட்டால் ஒளி மடிப்பில் கசிந்து வெளியே போய்விடும். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ஒளியின் பலம் எவ்வளவு வருகிறது என்று ஓர் எண் இருக்கும். வழக்கமான ஜிபான் பெட்டிக்கு மைனஸ் 8லிருந்து மைனஸ் 27 வரை என்றால் பரவாயில்லை. மைனஸ் 29 என்று போனால் அடிக்கடி அறுபடும். சிவப்பு விளக்கு எரிந்தால் எண்ணே பார்க்க வேண்டாம், ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.

அடுத்தது வைஃபை. இதை உங்கள் கட்டுரை நன்றாகவே சொன்னது, நான் ரொம்ப இழுக்கவில்லை. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் வேகம் குறைவு, ஊரே அதில்தான் இருக்கிறது, ப்ளூடூத்தும் அதில், மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில்தான் வேலை செய்கிறது. 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவர் என்றால் திணறும். 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் என்று வழக்கமாகப் பயன்படுத்துவது 1, 6, 11 மூன்றுதான். பக்கத்து வீட்டை ஏமாற்றுவதாக நினைத்து 3 போடாதீர்கள், இரண்டு பக்கமும் இடிபடும். அப்புறம், பார்க்க அழகாக இல்லை என்று ரூட்டரை இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறார்களே, அவர்களை என்ன சொல்ல? நிலைக்கண்ணாடி, மீன் தொட்டி, இதெல்லாமும் எதிரிகள்தான். கண்ணாடிக்குப் பின்னால் உலோகப் பூச்சு, தொட்டியில் தண்ணீர்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடித்தது என்பதால் சொல்கிறேன். போனில் தெரியும் அந்த நாலு கோட்டை நம்பாதீர்கள், வைஃபை அளக்கும் செயலி ஒன்றைப் போட்டால் சிக்னலை டிபிஎம் என்ற கணக்கில் காட்டும். ரூட்டர் பக்கத்தில் மைனஸ் 40, 45 இருக்கும். மைனஸ் 67 வரை வீடியோ அழைப்பு ஓடும். மைனஸ் 80 என்றால் வாட்ஸ்அப் செய்தி போவதே பெரிய பாடு. இது மடக்கைக் கணக்கு: மைனஸ் 50லிருந்து மைனஸ் 60க்குப் போனால் பலம் பத்தில் ஒரு பங்கு, மைனஸ் 70 என்றால் நூறில் ஒரு பங்கு. மடக்கை எதற்கு டீச்சர் வாழ்க்கையில் என்று கேட்ட ஒரு கூட்டத்தை அவரவர் வீட்டில் ஒவ்வொரு அறையாகப் போய் இந்த எண்ணைக் குறித்து வரச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை. ஒருத்தி தன் வீட்டு ரூட்டரைத் தரையிலிருந்து அலமாரியின் மேல் தூக்கி வைத்துவிட்டு மைனஸ் 74 மைனஸ் 63 ஆகிவிட்டது, அப்படியானால் எத்தனை மடங்கு டீச்சர் என்று கேட்டாள். கிட்டத்தட்ட பன்னிரண்டரை மடங்கு. செலவு ஒன்றுமில்லை.

சரி, இனிதான் நான் கடிதம் எழுத உட்கார்ந்ததற்கே காரணமான சங்கதி.

கம்பி மாற்றி 287 வந்த பிறகும் என் சாயங்கால வகுப்பு தடுமாறியது. ஏழு மணி வரை நன்றாகப் போகும், அதற்கப்புறம் ‘டீச்சர் உங்க குரல் ரோபோ மாதிரி வருது’, ‘டீச்சர் நின்னுட்டீங்க’. உடனே வகுப்பை நிறுத்திவிட்டு அளந்தால் 280க்கு மேல் வருகிறது. பிள்ளைகள் என்னை நம்பவில்லை, எனக்கே என்னை நம்ப முடியவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்தது, நான் அளந்துகொண்டிருந்தது தப்பான எண்ணை. என் குரலும் முகமும் போவது ஏறும் பாதையில், இறங்கும் பாதையில் இல்லை. என் திட்டத்தில் ஏறும் வேகம் 30 மெகாபிட்தான். ஏழு மணிக்கு வீட்டில் இருக்கும் எல்லோரும் வேலை முடிந்து வந்து போனை சார்ஜில் போடுவார்கள். சார்ஜும் வைஃபையும் சேர்ந்து கிடைத்த சந்தோஷத்தில் போன்கள் அன்றைக்கு எடுத்த படம், வீடியோ எல்லாவற்றையும் மேகத்துக்கு, அதாவது இணையத்தில் இருக்கும் சேமிப்பிடத்துக்கு, ஏற்ற ஆரம்பித்துவிடும்.

ஆனால் வீடியோ வகுப்புக்கு 3, 4 மெகாபிட்தானே வேண்டும், 30இல் அதற்குமா இடமில்லை? இடம் இருக்கிறது, வரிசைதான் பிரச்சினை. டிக்கெட் கவுன்டரில் ஒருவர் நானூறு டிக்கெட்டுக்கு விண்ணப்பம் வைத்துக்கொண்டு முன்னால் நிற்கிறார், பின்னால் நீங்கள் ஒரே ஒரு டிக்கெட்டுக்கு நிற்கிறீர்கள். கவுன்டர் வேகமாகத்தான் வேலை செய்கிறது, இருந்தும் உங்கள் ரயில் போய்விடும். ரூட்டருக்குள்ளும் அப்படி ஒரு வரிசை இருக்கிறது. நினைவகம் மலிவாகிவிட்டதால் அந்த வரிசையை நீளமாக வைத்துவிட்டார்கள். அது சீக்கிரம் நிரம்பி வழிந்தால்தான் அனுப்புகிற போனுக்கு ‘மெதுவாகப் போ’ என்று தெரியும். நீளமாக இருப்பதால் வழியவே வழியாது, போன் கொட்டிக்கொண்டே இருக்கும், என் குரல் கடைசியில் நிற்கும். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010இல் தன் வீட்டிலிருந்து கோப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தபோது இதே தொல்லையில் மாட்டி, தோண்டிப் பார்த்து, இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர் வைத்தார். வரிசை ஊதிப்போவது என்று தமிழில் சொல்லலாம். 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடல் என்ற ஒரு வழிமுறையைக் கொண்டுவந்தார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை, ஒரு பொட்டலம் எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று பார்க்கும். அதிக நேரம் ஆனால் ஒன்றைத் தூக்கிப் போட்டு, அனுப்புகிறவருக்கு உறைக்க வைக்கும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ஏதாவது ஒரு முகவரிக்கு பிங் ஓடவிடுங்கள். பிங் 1983இல் மைக் மூஸ் என்பவர் எழுதிய குட்டி நிரல், நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்பதிலிருந்து எடுத்த பெயர். ஒரு பொட்டலம் போய்த் திரும்ப எத்தனை மில்லிநொடி என்று வரிசையாகக் காட்டும். சும்மா இருக்கும்போது எனக்கு 18, 19, 18. அப்படியே ஓடவிட்டுப் போனிலிருந்து ஒரு பெரிய வீடியோவை மேகத்துக்கு ஏற்றினேன். 18, 19, 140, 390, 610, 640. ஒரு வார்த்தை சொல்லி அரை நொடிக்கு மேல் கழித்துத்தான் எதிர்முனைக்குப் போகிறது. வேக எண் 280க்கு மேல் என்று சிரித்துக்கொண்டிருந்ததே, அதில் இது எங்கே தெரிந்தது? இப்போது சில சோதனைகள் சுமை இருக்கும்போது பிங் எவ்வளவு என்றும் காட்டுகின்றன, பெரிய எண்ணுக்குக் கீழே பொடியாக. அந்தப் பொடி எழுத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தீர்வுக்கு நான் செலவு செய்யவில்லை. என் ரூட்டரின் அமைப்பில், வரிசை ஊதாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்க்யூஎம் என்று ஒரு வசதி ஒளிந்திருந்தது (சிலவற்றில் க்யூஓஎஸ் என்று மட்டும் இருக்கும், சிலவற்றில் எதுவுமே இருக்காது). அதை இயக்கி, ஏறும் வேகத்தை 30க்குப் பதில் 26 என்று கொடுத்தேன். வேண்டுமென்றே கொஞ்சம் குறைத்துக் கொடுக்க வேண்டும், அப்போதுதான் வரிசை நிறுவனத்தின் பெட்டியில் சேராமல் நம் ரூட்டரிலேயே நிற்கும், நம் சொல்படி கேட்கும். அதே வீடியோவை மறுபடி ஏற்றினேன்: 18, 22, 25, 24. ஏற்றம் சற்று மெதுவாகப் போனது, யாரும் கவனிக்கவில்லை. அந்த வசதி இல்லாத வீட்டில் படங்கள் ஏறும் நேரத்தை நடுராத்திரிக்குத் தள்ளினாலே பாதி குணமாகும்.

எல்லாத் தாமதத்தையும் இப்படிக் குறைக்க முடியாது என்பதும் உண்மை. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். 5,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சர்வருக்குப் போய்வர 10,000 கிலோமீட்டர், ஆக 50 மில்லிநொடி, அதற்குக் கீழே கொண்டுவர எந்தத் திட்டத்தாலும் முடியாது. பூமிக்கு மேல் 35,786 கிலோமீட்டரில் நிற்கும் செயற்கைக்கோள் வழி இணையம் என்றால் சிக்னல் போய்வர நாலு தடவை அந்தத் தூரத்தைக் கடக்க வேண்டும், கிட்டத்தட்ட அரை நொடி அங்கேயே போய்விடும். ‘இந்த நாலு எண்ணை மாற்றினால் வேகம் இரட்டிப்பாகும்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் 8.8.8.8, 1.1.1.1 சமாசாரமும் அப்படித்தான்: அது தளத்தின் பெயரைக் கேட்டு முகவரி சொல்கிற வேலை, பக்கம் திறக்க ஆரம்பிப்பது கொஞ்சம் சுறுசுறுப்பாகலாம், கோப்பு இறங்கும் வேகம் அசையாது.

உயர்ந்த திட்டமே தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்குக் கேட்பது 15 மெகாபிட். நாலு பேர் நாலு திரையில் அதையே பார்த்தாலும் 60. நாலு பேரும் ஒரே நேரத்தில் பெரிய பெரிய கோப்பு இறக்குகிறவர்களாக இருந்தால் வாங்குங்கள், அது வேறு. என் வகுப்பு நின்று போனதற்கு 300 ஒன்றும் செய்யவில்லை, 1000 வாங்கியிருந்தாலும் அதோடு வரும் ஏறும் வேகத்தைக் கேட்காமல் வாங்கியிருந்தால் அதே ரோபோ குரல்தான். விளம்பரத்தில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்காது.

ஆகவே ஆசிரியர் ஐயா, அடுத்த தடவை இணையத் திட்டங்களை ஒப்பிட்டு அட்டவணை போடும்போது இறங்கும் வேகத்துக்குப் பக்கத்தில் ஏறும் வேகத்துக்கும் ஒரு பத்தி விடுங்கள். நிறுவனம் சொல்லவில்லை என்றால் அந்தக் கட்டத்தில் ‘சொல்லவில்லை’ என்றே போடுங்கள். எட்டால் வகுக்க வேண்டிய திருத்தத்தை, தயவுசெய்து, கட்டுரை வந்த அதே பக்கத்தில் அதே அளவு எழுத்தில் போட வேண்டும். என் மாணவர்கள் இருபத்திரண்டு பேர் காத்திருக்கிறார்கள், அந்தக் கட்டுரையைத்தான் போன வாரம் தப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லி வீட்டுப்பாடமாகக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு டீச்சர்